மாமியார் என்றொரு ஃபோல்டர்

ஆறிய காபியை நான் தொடுவதில்லை. இது நல்ல சூடு, நன்றி. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் என் கோபத்தால் ஒரு வேலை கெட்டது என்று யாரும் சொன்னதில்லை.

எங்களுடையது சிறிய ஆஸ்பத்திரி. அங்கே டேட்டாபேஸ் சர்வர் என் பொறுப்பு. ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை விடாமல் அதில் பதிவாகும். சூடு ஏறினால் சர்வரே மெயில் அனுப்பும். நிர்வாகிக்கு, ரத்த வங்கி அக்காவுக்கு, எனக்கு. அதை அமைத்தவள் நான். அமைத்ததும் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பேன். சோதிக்காத எதையும் நான் கையைவிட்டு வெளியே விட்டதில்லை. மெயில்தான் வருகிறதே என்று பெட்டியின் சொந்த மணியை நிர்வாகி நிறுத்தச் சொன்னார். தலைவலிக்கிறதாம்.

ஒரு கூட்டத்தில் அவர் தன் கணினித் திரையைச் சுவரில் காட்டினார். ஓரத்தில் 'மாமியார்' என்று ஒரு ஃபோல்டர். அதில் திறக்காத மெயில்கள் குவிந்து கிடந்தன.

"என்ன சார், மாமியார் இவ்வளவு லெட்டர் போடுறாங்க?" என்றார் கணக்காளர்.

"நம்ம மேடத்தோட சர்வர்தான். எந்நேரமும் தொணதொணன்னு. வந்ததும் நேரா அங்க போயிடும், நான் பார்க்கிறதே இல்ல."

"குடுத்து வச்ச மருமகன் சார் நீங்க!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். கத்துறது உங்க வேலை, தூங்குறது என் வேலை."

அவையெல்லாம் பழைய பெட்டி மக்கர் செய்த காலத்து மெயில்கள். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு முறையும் அக்காதான் ஓடிப்போய்ப் பைகளை மாற்றி வைத்தார்.

அன்று மாலையே மெயில் போகும் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிட்டேன். பொறுப்பு நிர்வாகியுடையது; அவருக்கு மட்டும் போனால் போதும். நியாயந்தானே? பிறகு காத்திருந்தேன். புதுப் பெட்டி நல்ல பெட்டி, பழுதாகவே இல்லை. தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம், "மாமியாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா மேடம்?" என்பார்.

ஞாயிறன்று ரத்த வங்கி பூட்டிக் கிடக்கும். அந்தச் சனிக்கிழமை, பூட்டும் முன் அக்கா கை கழுவப் போன நேரத்தில், பெட்டியின் கதவை ஒட்டாமல் விட்டேன். ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான்.

ஞாயிறு முழுக்க வீட்டிலிருந்தே சர்வரின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயில் மேல் மெயில். ஒவ்வொன்றுக்கும் நேரே 'அனுப்பப்பட்டது'. யாரும் கேட்கவில்லை. திங்கள் காலை என்னிடமிருந்த சாவியால் திறந்து, கதவை அழுத்திச் சாத்தினேன். திறந்து போட்டது திறந்தபடி கிடப்பது எனக்குப் பிடிக்காது. பைகள் மறுபடி குளிர்ந்தன.

மதியம், மாடியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ஆள் ஓடி வந்தது. அக்கா பைகளை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"லீவுல பெட்டி ஒழுங்கா இருந்துச்சாம்மா? எனக்கு மெயில் ஒண்ணும் வரல."

"மெயிலெல்லாம் ஒழுங்காப் போகுதுக்கா."

"நீ சொன்னா சரி" என்று படியேறினார்.

அந்தப் பெண் மறுநாள் இறந்தாள். கெட்டுப்போன ரத்தம் என்றார்கள் மருத்துவர்கள். அவள் கணவர் குழந்தையைத் துணியில் சுற்றத் தெரியாமல் சுற்றிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். நிர்வாகி அன்றுதான் அந்த ஃபோல்டரைத் திறந்தாராம். ஒவ்வொரு மெயிலாக வாசித்தாராம். வாசிக்கட்டும்.

ஆமாம், கதவைத் திறந்து வைத்தவள் நான். மூடியவளும் நான். பைகள் கெட்டவை என்று தெரிந்தே அக்காவை மேலே போகவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். சோதனை என்று எழுதுங்கள். என் அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு மெயிலும் போய்ச் சேர்ந்தது.