பலகைக்கு இஞ்சாலை

எங்கள் ஊர் எழுதுமட்டுவாள் மணலில் தென்னை நட்டால் பெரிதாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. தானாக வரும். செத்துப்போன அண்ணையின் பங்கிலும் இவ்வளவு காலமும் நான்தான் தேங்காய் பறித்தேன். யாரும் கேட்கவில்லை.

போன மாசியில் அண்ணையின் மகன் ஜெயசுதன் பிரான்சிலிருந்து வந்து கேட்டான். தகப்பனின் பங்கை அளந்து வேலி அடைக்க வேண்டுமாம். மரியாதையாகத்தான் கேட்டான். மரியாதையாகக் கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

படிப்பு எனக்குக் குறைவு. ஆனால் புகையிலை நட்டவனுக்கு லாப நட்டம் பார்க்கத் தெரியும். வழக்குக்குப் போனால் காணி உறுதிப் பத்திரம் அவன் பக்கம், காணி போகும். அவனை வெட்டினால் காணி மிஞ்சும். நான் மறியலில், சிறைக்குள் கிடப்பேன். காணியின் பின்பக்கப் பற்றைப் புதருக்குள் சண்டைக்காலத்து மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. முன்னால் மண்டையோடு கீறிய சிவப்பு எச்சரிக்கைப் பலகை நின்றது. மிதிவெடியில் செத்தால் சண்டை கொன்றது என்பார்கள். சண்டையை யாரும் மறியலில் போடுவதில்லை.

மாடு நடந்த தடத்தில் கால் வைத்துப் போய், பலகையைப் பிடுங்கிப் பற்றைக்குள் இன்னும் உள்ளே தள்ளி நட்டேன். என் உயிருக்கும் ஆபத்துத்தான். அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன்.

பிறகு அவனைக் கூட்டிப்போய், எல்லைக் கல் பின்னுக்குக் கிடக்கிறது என்றேன்.

“சித்தப்பா, உதாலை போகலாமோ?”

“ஓம். பலகைக்கு இஞ்சாலை, இந்தப் பக்கம் பயமில்லை.”

“அப்ப நீங்கள் முன்னுக்குப் போங்கோவன்,” என்று சிரித்தான்.

“எனக்கு முழங்கால் ஏலாது. நீ போ தம்பி.”

வெடித்தது. அந்தப் பக்கம் மிதிவெடி எடுக்கிறவர்கள் வெடிக்க வைக்கும் சத்தம் பழக்கம். ஒருவரும் ஓடி வரவில்லை. அவனுக்குக் கால் போயிருந்தது, உயிர் போகவில்லை. அதை நான் கணக்குப் பார்க்கவில்லை.

பலகையை எடுக்க மாட்டுத் தடத்தால் உள்ளே போனேன். தன்னைத் தூக்கத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான்.

“வராதேங்கோ சித்தப்பா. இன்னும் வெடி கிடக்கும். வராதேங்கோ.”

பலகையைப் பிடுங்கிவந்து பழைய குழியில் நட்டு மண்ணை மிதித்தேன். அவன் சத்தம் ஓயும்வரை தென்னைக்குக் கீழே இருந்தேன். பிறகு போய் ஆட்களைக் கூப்பிட்டேன். பலகையையும் பார்க்காமல் போயிருக்கிறானே என்று அவனைத்தான் ஏசினார்கள்.

காணி முழுக்க இப்போது என் கையில். தேங்காய் பொறுக்கக் குனிந்தால் அந்தக் குரல் கேட்கிறது. காதைப் பொத்தினாலும் கேட்கிறது. அதனால்தான் நானாகப் பொலிசுக்கு வந்தேன்.

பலகையை மாற்றியது நான். கொன்றது நான் என்று எழுதுங்கள். தூக்கப் போகாததை மட்டும் என் தலையில் போடாதீர்கள். வர வேண்டாம் என்று சொன்னது அவன்.