பிச்சிர்க் குஞ்சுகளுக்கு வேண்டிய காற்று

தேநீருக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, பொலிஸ் மறியலுக்கு யாரும் ருசி பார்க்க வருவதில்லை.

நான் சஜீவன். உக்குவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆறு வருடமாக வீட்டு முன்னறையில் பிச்சிர் மீன் வளர்க்கிறேன். ஆபிரிக்க ஆற்று மீன். பாம்புபோல நீளம், முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சிறு துடுப்புகள். அதற்கு நுரையீரல் உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இறங்கிவிடும். இந்தக் குணத்தை என் மனைவி சந்திரவதனாவின் அண்ணன் சிவராசாவிடம் நான் கண்டதில்லை.

அத்தான் ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர். நுரையீரல் பழுதாகி, ஒட்சிசன் மெஷினோடு எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். சில நாட்கள் என்றார், இரண்டு வருடமானது. என் மீன்களைக் 'கால் முளைத்த விலாங்கு' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் என் சோடி முதல் தடவையாக முட்டையிட்டது. பாசியில் ஒட்டியிருந்த முட்டைகளை, தாய் தகப்பன் தின்றுவிடுமுன் வேறு தொட்டிக்கு மாற்றினேன். இருநூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள் பொரித்தன. தலையின் இரு பக்கமும் இறகுபோலச் செவுள். பெரியது சின்னதை விழுங்கும்; தினமும் அளவு பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். கூடப் பிறந்ததையே விழுங்குகிற குணத்தைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது.

பிறகு அந்த மழை. கலேவெலயில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த சந்திரவதனா, பாதையில் மண் சரிந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சற்று முன் கரண்டும் போனது. வீட்டில் ஒரே ஒரு பற்றரி இன்வேர்ட்டர். அத்தானுக்காக வாங்கியது என்பாள் அவள். மெஷினுக்குக் கொடுத்தால் மூன்று மணித்தியாலம் வரும். குஞ்சுத் தொட்டியின் காற்றுப் பம்புக்குக் கொடுத்தால் இரண்டு நாள். குஞ்சுகளின் நுரையீரல் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. அத்தானிடம் இரண்டு இருந்தன.

பத்து மணிக்கு இன்வேர்ட்டரிலிருந்து மெஷினின் வயரைக் கழற்றி, பம்பின் வயரை மாட்டினேன். பற்றரியும் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார்:

"அப்ப முன்னறையில குமிழ் விடுற சத்தம் கேக்குதே, சஜீவன்?"

மழைச் சத்தம் என்றேன். மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது.

பதினொன்றரைக்கு அடுத்த வீட்டு றினோஸ் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்.

"மாஸ்டர், ஆஸ்பத்திரிக்கு ரோட் தொறந்தீக்காம். நம்மட வேன் ஈக்குது. அவரக் கொண்டு போவமா?"

நல்ல மனிதர். அத்தான் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நானும் கூடப் போனால் மத்தியானம் குஞ்சுகளுக்குத் தீனி யார் போடுவது? நோயாளியைத் தனியாக ஏற்றிவிடுவது மரியாதையில்லை. எனக்கு மரியாதை முக்கியம்.

சந்திரவதனா ஃபோன் எடுத்து, பற்றரி வேலை செய்கிறதா என்று கேட்டாள். நன்றாக வேலை செய்கிறது என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பிற்பகல் அத்தான் கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டத் தொடங்கினார். அதிர்வுக்குக் குஞ்சுகள் மிரளும், மிரண்டால் தின்னாது. அதனால் பின்னறைக் கதவைச் சாத்தினேன். பூட்டினேன் என்று ஊரில் சொல்கிறார்களாம். பொய். எழும்பி நடக்க முடியாதவருக்குப் பூட்டு எதற்கு?

மூன்று மணிக்குத் தட்டுவது நின்றது. மூன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். மெஷினின் வயரை இன்வேர்ட்டரில் திரும்ப மாட்டிவிட்டு, றினோஸைக் கூப்பிட்டேன். பற்றரி முக்கால்வாசிக்கு மேல் மிச்சமிருப்பதை அவர்தான் கவனித்தார். காலையிலிருந்து மெஷின் ஓடியிருந்தால் அது எப்போதோ செத்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார். நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

இப்போது ஒரு கிழமையாகிறது. றினோஸ்தான் தினமும் போய்த் தீனி போடுகிறாராம், பாவம். ஆனால் பிரித்து வைக்கத் தெரியாது. நேற்று எண்ணியபோது முப்பத்தொன்றுதான் இருந்ததாம், எல்லாம் நல்ல பருமனாக.

எழுதுங்கள், சேர். வயரைக் கழற்றியதும், வேனைத் திருப்பியனுப்பியதும், கதவைச் சாத்தியதும் நான்தான். சிவராசா அத்தானை நான் கொன்றேன். எங்கே என்றாலும் கையொப்பமிடுகிறேன். மற்ற நூற்று எண்பத்தொரு சாவுக்கும் என்னைப் பிடித்துவந்த நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.