பட்டியலில் ஒரு பிரதி எனக்கு

ஓடுகிறோம். ஓடுகிறோம் என்பது பொய். சனம் நெரிக்கிறது, நகர்கிறோம். வட்டுவாகல் பாலம். 2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை. வெயில் உச்சியில் நிற்கிறது. தூரத்தில் "டும்" என்று ஒரு சத்தம். பிறகு கூவல். ஏழு எண்ணுவதற்குள் ஷெல் விழும். "படுங்கோ! படுங்கோ!" பாலத்தில் படுக்க இடமில்லை. குனிகிறோம். இடது பக்கத் தண்ணீரில் விழுகிறது. சேறு முகத்தில் அடிக்கிறது. என் நெஞ்சில் சீலைத் துணியால் கட்டியிருக்கும் பத்து வாரப் பிள்ளை அழவில்லை. அழாததுதான் பயம். மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மூச்சு இருக்கிறது.

பிள்ளை சிந்து. எனக்கு முன்னால் பால்மாத் தகரப் பேணியோடு போகிறவள் என் மனைவி வசந்தி. வலது கையில் காயக் கட்டு. என் அண்ணனை மூன்று நாளைக்கு முன் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள்ளேயே கிடத்தி மண் தள்ளி மூடிவிட்டு வந்தோம். அழ நேரம் இருக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஆமியின் முட்கம்பி. வெட்டவெளி. ஒலிபெருக்கி. தமிழ்தான், எங்கள் வாய்த் தமிழ் இல்லை. "இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வாங்க! பேர் பதியுங்க! சின்ன விசாரணை! முடிஞ்சதும் விடுவோம்!" மூன்று தரம். பிறகு தண்ணீர் பற்றி ஓர் அறிவிப்பு. பிறகு மீண்டும் அதே.

வசந்தி திருமணத்துக்கு முன் இயக்கத்தின் சமையற்கூடத்தில் நின்றவள். பதினொரு நாள். வெங்காயம் உரித்தாள், பானை கழுவினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

"பதியத்தான் வேணுமே? சனத்தோடை சனமாப் போவமே," என்றாள்.

"பிறகு ஆரும் காட்டிக்குடுத்தா இன்னும் கரைச்சல். சின்ன விசாரணைதானாம். பின்னேரம் வந்திடுவாய்."

சொன்னது நான். மேசையில் பேர் பதியும் கொப்பி ஒன்று விரித்துக் கிடந்தது. அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் வாங்கினேன். பதினேழாவது வரி. பெயர். வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்றும் வடிவாகத்தான் எழுதினேன்.

வெள்ளைப் பேருந்து. ஏறுமுன் பால்மாப் பேணியை என்னிடம் தந்தாள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கச் சொன்னாள். ஏறியவர்களை எண்ணினேன். நாற்பத்தாறு பேர். பேருந்தின் இலக்கத்தைப் பார்க்கவில்லை. பட்டியலில் ஒரு பிரதி கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அவள் வரவில்லை.

இப்போது 2024, மார்ச். சனிக்கிழமை. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பகுதியில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடை. சிந்துவுக்குப் பதினைந்து வயது. நாங்கள் இருக்கும் பொண்டியிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள். பாகற்காய்ப் பெட்டியின் மேல் ஒரு படிவத்தை வைக்கிறாள்.

"சின்னப் பயணம்தான் அப்பா. பின்னேரம் வந்திடுவன்."

படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

வாசித்துச் சொன்னாள். வகுப்போடு பொபினிக்கு. அங்கே ஒரு பழைய ரயில் நிலையம். இரண்டாம் உலகப்போரில் யூதர்களை அங்கே வைத்துத்தான் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, போலந்திலிருந்த கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்க்கப் போகிறார்கள். கீழே அறிவுறுத்தல். பெயர், பிறந்த தேதி எழுதவும். சிறிய பை ஒன்று மட்டும். தண்ணீர்ப் போத்தல். காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து.

நான் சந்தேகக்காரன். மறைக்கவில்லை. பொண்டிக்குப் பக்கத்து ஊர் பொபினி. ஒரு மணித்தியாலம் நடந்தால் போய்விடலாம். இதற்கு எதற்குப் பேருந்து? ரயில் நிலையம் பார்க்கப் போகிற பிள்ளையின் பிறந்த தேதி ஏன்? சிறிய பை என்று யார் அளவு சொல்வது? கேட்டேன். "ஓ லா லா, பாப்பா," என்றாள் சிந்து. பாப்பா என்றால் பிரெஞ்சில் அப்பா. மற்றதும் பிரெஞ்சில்தான் வந்தது. மரியாதையாக இருக்கவில்லை.

திங்கட்கிழமை லீவு. தனியாகப் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த தண்டவாளம். இடையில் புல். பழைய கட்டடம். வாசல்களை எண்ணினேன். எங்கே பேருந்து நிற்கும், எந்தப் பக்கம் வேலி தாழ்வு என்று பார்த்துவைத்தேன். நாயோடு நடந்த ஒரு கிழவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நானும் அவளை அப்படியே பார்த்தேன்.

கடைக்கு ஒரு பாண்டிச்சேரிக்காரர் வருவார். தபாலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படிவத்தை அவரிடமும் காட்டினேன், சிந்து வாசித்ததில் ஏதும் தவறியிருக்குமோ என்று.

"ஒண்ணும் இல்லப்பா, நல்ல விஷயம். அங்கேர்ந்து ஏத்துனவங்க பேரெல்லாம் எழுதுன பட்டியல் இன்னமும் இருக்குது. பேரு, பொறந்த தேதி, எந்த ரயிலு. அத வச்சுத்தான் பின்னால ஒவ்வொருத்தரா தேடுனாங்க."

முருங்கைக்காயைப் பிழையாக நிறுத்தேன். மறுபடியும் பிழையாக நிறுத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. கொல்லப்பட்ட சனத்தின் மேல் பொறாமை. சொல்ல வெட்கம். ஆனாலும் உண்மை அதுதான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சரித்திர ஆசிரியை என்னையும் சிந்துவையும் ஒரு சிறிய அறையில் இருத்தினார். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. விலை சொல்லும், மன்னிப்புக் கேட்கும். அதற்கு மேல் போகாது. சிந்துதான் மொழிபெயர்த்தாள். பேருந்தின் இலக்கம் வேண்டும் என்றேன். சாரதியின் பெயர் வேண்டும் என்றேன். ஏறுகிற எல்லாரின் பட்டியலிலும் ஒரு பிரதி எனக்கு வேண்டும் என்றேன். சிந்துவின் காது சிவந்துவிட்டது. ஆசிரியை சிரித்தபடி, முடியாது என்று தலையை ஆட்டினார்.

"மற்றப் பிள்ளையளின்ர விபரம் தர ஏலாதாம். ஏன் எண்டு கேக்கிறா," என்றாள் சிந்து. பிறகு தானாகவே கேட்டாள். "ஏனப்பா?"

அம்மாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது என்றுதான் அவளுக்கு இத்தனை வருடமும் சொல்லியிருந்தேன்.

"பிடிக்கேல்லை," என்றேன். "பதியச் சொன்னாங்கள். சின்ன விசாரணை எண்டாங்கள். கொம்மா மாட்டன் எண்டுதான் நிண்டவள். நான்தான் போ எண்டனான். அவளின்ர பேரை எழுதினது நான், பிள்ளை."

சிந்து மொழிபெயர்க்கவில்லை. வெளியே மணி அடித்தது. இரண்டு தரம். தாழ்வாரத்தில் பிள்ளைகளின் கால்கள். கதவுகள் அடிபட்டு மூடின. ஆசிரியை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனாலும் நியாயம்தான்.

அவள் போகவில்லை. ஆசிரியையின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினாள். மெதுவாக. நெடுநேரம். எனக்கு "மாமோன்" என்ற சொல் மட்டும் விளங்கியது. அம்மா. நான்கு தரம்.

ஆசிரியை எழும்பிப் போனார். பக்கத்து அறையில் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் இரைச்சல். பிறந்த தேதிகளை மறைத்து, பெயர்களோடு ஒரு தாள். அடியில் கையால் எழுதிய பேருந்து இலக்கம். என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

பிறகு படிவம். பேனாவை எடுத்தேன். பெயர் என்ற கோட்டுக்கு மேல் கை நின்றது. எழுத வரவில்லை. சிந்து பேனாவை என் கையிலிருந்து எடுத்தாள்.

"விடுங்கோ அப்பா. என்ர பேரை நானே எழுதுறன்."

எழுதினாள். கோழி கிண்டினது போல ஒரு கையெழுத்து. கீழே நான் ஒப்பமிட்டேன்.

இனிக் கணக்கு.

பொண்டி, பள்ளி வாசல். காலை எட்டு மணிக்கு ஏறியவர்கள் முப்பத்தொரு பேர். பின்னேரம் நாலரைக்கு இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர். தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டேன். சிந்து கடைசியாக இறங்கினாள். "எல்லாரும் சரியே?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

முள்ளிவாய்க்கால். அண்ணன் ஒருவர். பதுங்குகுழி எந்த இடத்தில் என்று இனி எவராலும் காட்ட முடியாது.

வட்டுவாகல், முட்கம்பி வாசல். ஏறியவர்கள் நாற்பத்தாறு பேர். இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று பதினைந்து வருடமாகக் கேட்கிறேன். அந்தக் கொப்பி யாரிடமோ இருக்கிறது. வைத்திருப்பவர் பதினேழாவது வரியைப் பாருங்கள். வசந்தி. வயது இருபத்தாறு. வடிவான கையெழுத்து. அது என்னுடையது.