பானைக்கு வெச்ச தீ

இல்ல தம்பி, போட மாட்டன். இரநூறு இல்ல, ரெண்டே ரெண்டு கேட்டாலும் போட மாட்டன். காச நீயே வெச்சிக்க. மொதல்ல அந்த அட்டைய என் கண்ணு முன்னாடி ஆட்டாத, எனக்கு பத்திக்கினு வருது.

குந்து. நிக்காத, வர்ற ஜனத்துக்கு அட்டை மறையுது. பொங்கலு கிட்டக்க வந்துடுச்சி, இந்தக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எனக்கு இப்பதான் யாவாரம். வெயில்ல வந்திருக்க, அந்தச் செம்புல தண்ணி இருக்குது பாரு, குடி. குடிச்சிட்டுக் கெளம்பு.

இன்னாது? ஆமா, எங்க அட்டைதான், இல்லன்னு யாரு சொன்னா? பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. அந்த நெருப்பு ஓரத்தப் பாரு, சேவக் கொண்ட மாதிரி பல்லு பல்லா இருக்குது. எங்க வூட்டுக்காரரு கத்திரி அது. தியாகதுருகத்துல பொஸ்தகக் கடையில மாட்டி இருந்துச்சா? இருக்கும். மாதிரிக்குன்னு குடுத்துட்டு வந்ததுதான்.

நீ இன்னா நெனச்சிக்கினு வந்திருக்கன்னு எனக்குப் புரியுது. ஒங்க சங்கத்துக் கொடில இருக்கற தீச்சட்டிய யாரோ பக்தியா அட்டையில ஒட்டி இருக்காங்கன்னு நெனச்சிட்ட. வந்ததும் வராததுமா, அக்கா நீங்க நம்ம ஆளுதானன்னு சிரிச்சிக்கினே கேட்ட. அடப் போப்பா! அது கொடியும் இல்ல, தீச்சட்டியும் இல்ல. பொங்கப் பான. சொம்மா பொங்கப் பான!

எப்பிடி வந்துச்சின்னு சொல்றன் கேளு. பொங்கலு முடிஞ்சா ஃபேன்சி ஸ்டோர் சுப்புராயன் விக்காத வாழ்த்து அட்டையெல்லாம் மூட்ட கட்டி எடைக்குப் போட்டுடுவாரு. அத நாங்க வாங்கிக்குவம். அதுல வருசம் அச்சடிச்சிருக்கும், மூல மடங்கி இருக்கும், மறு வருசம் எவன் வாங்குவான்? ஆனா படம் கெடல இல்ல? மாடு ஒண்ணுல, கரும்பு ஒண்ணுல, கோலம் போடற பொண்ணு ஒண்ணுல. அத சுத்தி வெட்டி எடுத்து, புது தாளுல ஒட்டி, ஜிகினா தூவி, ஓரத்துல பட்டுநூலு கட்டுனா புது அட்டை. கடை அட்டையில ஒத்த மாடு நிக்கும், எங்கள்துல ஜோடி மாடு நிக்கும். கல்வராயன் மலையில இருந்து கடுக்கா மூட்டையோட எறங்கறவங்க கூட எங்கள்துதான் கேட்டு வாங்குவாங்க.

அந்த வருசம் வந்த மூட்டையில பாதி பானதான். அச்சடிச்சவன் எந்த ஊர்க்காரனோ, அடுப்பும் இல்ல, வெறகும் இல்ல, பானைய அந்தரத்துல தொங்க வுட்டிருக்கான். பாலு மட்டும் பொங்கி வழியுது! எங்க வூட்டுக்காரருக்கு வந்துச்சி பாரு கோவம். தீ இல்லாம எவன் வூட்ல பொங்குதுன்னு அச்சடிச்சவன இங்க குந்திக்கினே திட்டறாரு. அப்பறம் தீவாளி அட்டை மூட்டையப் பிரிச்சாரு. அதுல அகல் வெளக்கு இருக்குமில்ல, அந்த நெருப்ப மட்டும் வெட்டியாந்து பானைக்குப் பின்னால சொருகுனாரு. வெளக்குத் தீ பெருசு, பான சிறுசு. கழுத்துக்கு மேல எகிறிக்கினு நின்னுது. நல்லா எரியட்டும் வுடுன்னாரு. அவ்ளோதான் கத. சங்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.

சிரிக்காத. இன்னா சிரிப்பு?

புரட்டாசிலயே மாதிரி அட்டைய தூக்கினு கடை கடையா ஏறி எறங்குனாதான் மார்கழிக்கு ஆர்டர் கெடைக்கும். அப்பிடித்தான் போன வருசம் புரட்டாசில ஒரு பை நெறைய எடுத்துக்கினு தியாகதுருகம் போனாரு. போன எடத்துல ஒங்க மறியலு. புளியமரத்த வெட்டி ரோட்டுல சாச்சீங்களே, நீயும் இருந்தியா? இருந்தியா! பெருமையாதான் சொல்ற. சரி, படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேக்கறீங்க, கேளுங்க. கேக்க வாணாம்னு நான் சொல்லல. ஒங்க புள்ளைங்க குண்டடி பட்டு செத்தப்போ எனக்கும் வயிறு எரிஞ்சிது. பெத்தவ எவளா இருந்தா இன்னா?

பஸ்ஸு இல்ல. பைய தோள்ல மாட்டிக்கினு நடந்தே வந்தாரு. வழியில போலீசு வேனு. பையத் தொறடான்னாங்க. தொறந்தா பூரா பானையும் தீயும். அப்பறம் கேக்கணுமா? மறியலுக்கு நோட்டீசு கொண்டு போறியாடான்னாங்க. ஐயா, பொங்க வாழ்த்துங்க ஐயான்னாரு இவுரு. புரட்டாசில இன்னாடா பொங்கலு, புரட்டாசில இன்னாடா பொங்கலுன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. அவுரு இன்னொண்ணும் சொன்னாரு, அத ஒருத்தனும் நம்பல. எந்தக் கையால ஒட்டுனன்னு கேட்டு, அந்தக் கைய ரோட்டுல வெக்கச் சொல்லி, பூட்ஸு காலால... வுடு. பாவிங்க. அவங்க கை வெளங்குமா?

இன்னா சொன்ன? தியாகியா? மேடையில ஏத்தி சால்வ போடறியா? தம்பி, எனக்கு வாயில நல்லா வருது, வாணாம். சால்வய போத்திக்கினு அவுரு இன்னா பண்ணுவாரு? அதோ, டீக்கடை பெஞ்சில வலது கைய துண்டால மூடிக்கினு குந்தினு இருக்காரே, அவுருதான். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போயிட்டம், கட்டும் கட்டிட்டம், ஒரு வெரலும் மடங்கல. சோத்த நான்தான் பெசஞ்சி ஊட்டறன். ஊட்டும்போது எவனாவது பாக்கறானான்னு சுத்தி சுத்திப் பாப்பாரு, ரோசக்காரரு. இப்ப கத்திரி என் கையில. பாரு, என் மாட்டுக்கெல்லாம் கொம்பு கோணலு. நான் வெட்டறதப் பாக்க முடியாமதான் அங்க போயி குந்திக்கறாரு. இதுல நீ வந்து, அதே பானையும் தீயும் இரநூறு போட்டுக் குடுன்னு கேக்கற. நல்லா இருக்குதா நாயம்?

யாருகிட்ட வாணா போயி சொல்லிக்க. கட வெக்க வுட மாட்டீங்களா? பாத்துக்கலாம் போ. பானைய எடுத்தா தீய எடுக்க மாட்டன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டன். கம்பியில தொங்கறதப் பாரு, எல்லாத்துலயும் மாடும் கரும்பும்தான். தீ இல்லாத பானைய ஒட்ட அவுருக்கு மனசு வராது, அதான் பான இருக்கறதெல்லாம் மூட்டையிலயே கெடக்குது.

இன்னொண்ணு சொன்னாருன்னு சொன்னனே, அதுவா? அது ஒண்ணும் இல்ல. ஐயா, நான் அந்த ஆளுங்க இல்லீங்க, வடக்கனந்தல் காலனிங்கன்னு அழுதிருக்காரு. தப்பிக்கறதுக்கு சாதிய மாத்திச் சொல்றியாடான்னு அதுக்குத் தனியா போட்டாங்க. ஆமா தம்பி, காலனிதான். அவுரும் காலனிதான், நானும் காலனிதான். கட்டோட வூட்டுக்கு வந்தா எங்க ஜனமே, அவங்க கொடிய நீ ஏன் செஞ்சி வித்தன்னு மூஞ்சி குடுத்துப் பேசல.

இன்னா, எழுந்துட்ட? செம்ப அங்கயே வெச்சிடு. அட்டைய எடுத்துக்க, எனக்கு வாணாம். வந்ததுல இருந்து அக்கா அக்கான்னு வாய் நெறையக் கூப்ட்டியே. போறதுக்கு முன்னால இன்னொரு வாட்டி கூப்புடு, கேக்கறன்.