பத்தொன்பதாம் நம்பர் பாட்டில்

வேண்டாம், டாக்டர். அந்தச் சாக்லேட் பெட்டிய உங்க பையிலயே வைங்க. கையெழுத்துப் போடமாட்டேன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன். வீடு தேடி வந்தா மட்டும் மாறிடுமா?

உக்காருங்கன்னும் சொல்லல, டீயும் ஊத்தல, கவனிச்சீங்களா? இந்த அல்மாட்டி ஊர்ல பகையாளியக்கூட ஒரு துண்டு ரொட்டி வாயில போடாம அனுப்பமாட்டாங்க. தெரிஞ்சுதான் குடுக்கல.

என்ன கோவமா? திங்கக்கிழமை நாப்பது பேருக்கு மருந்து ஏத்தப் போறீங்களே, அந்தக் கோவம். நாப்பது பேரும் ஈரல் பழுதானவங்க. மருந்துச் சோதனையோட முதல் சுத்துல பாட்டில் எல்லாம் சரியாத்தான் போச்சுன்னு இந்தக் கம்ஷாத் எழுதிக் குடுக்காம, அவங்கள்ல ஒருத்தரக்கூட உங்களால தொட முடியாது. இல்லன்னா மருந்து கலக்குறவ வீட்டுக்கு மூணு மாடி ஏறி வருவீங்களா நீங்க?

மாநாட்டுல நீங்க பேசினத நானும் பின்னால நின்னு கேட்டேன். மூலக்கூறுகள ஒண்ணொண்ணாக் கோத்து, கண்ணுக்குத் தெரியாத பெட்டி செஞ்சிருக்கோம்னீங்க. உள்ள மருந்து இருக்கு. புத்துநோய்க் கட்டியத் தொட்டாத்தான் மூடி திறக்கும், உடம்புல வேற எங்கயும் திறக்காதுன்னீங்க. எழுந்து நின்னு கைதட்டினாங்க. வேற எங்கயும் திறக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எலி சொல்லிச்சா?

கத்தாதீங்க. சுவரு மெல்லிசு.

சரி, உங்க ஆதாரத்தையே பேசுவோம். முதல் சுத்துல ஈரல் பழுதானவங்க ரெண்டே பேரு. சீட்டுக் குலுக்கினதுல பத்தொன்பதாம் நம்பருக்கு வெறும் உப்புத்தண்ணி, இருபதாம் நம்பருக்கு மருந்து. யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, அன்னிக்கு உங்களுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நிரப்பி, நிறம் வெளிய தெரியாம வெள்ளித்தாள் சுத்தி, நம்பர் ஒட்டி அனுப்புறது நான்தானே. பத்தொன்பது அஞ்சாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனான். இருபது எழுந்து நடந்தான். பாத்தீங்களா, எங்க மருந்து பழுதான ஈரலயும் ஒண்ணும் செய்யலன்னு குதிச்சீங்க. அந்த ரெண்டு பேர வச்சுத்தான இப்ப இந்த நாப்பது பேரு?

ஆமா, பத்தொன்பத நோய்தான் கொன்னுதுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சேன். வாக்கியம் நல்லா அமைஞ்சிருக்கு.

பொறாமையா? எனக்கா? உங்க பேரு புகழப் பாத்தா? வாசல் அந்தப் பக்கம் இருக்கு, டாக்டர்.

போலீசா? தாராளமாக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிடலன்னா நானே போறதாத்தான் இருக்கேன். திங்கக்கிழமைக்கு முன்னாடி.

பத்தொன்பதாம் நம்பர் ரிஸ்பெக், எங்க அம்மா பெத்த புள்ள. அப்பா வேற, அதனால குடும்பப்பேரும் வேற. உங்க படிவத்துல யாரும் கேக்கல, நானும் சொல்லல. கூடப்பொறந்தவன் உசுருக்குப் போராடும்போது உப்புத்தண்ணிய அனுப்ப எனக்குக் கை வரல. ரெண்டு பாட்டில் நம்பரையும் மாத்தி ஒட்டினேன். நீங்க மேடையில காட்டினீங்களே, இருபதாம் நம்பர் ஆளு நடக்குறத, அவனுக்கு ஏறினது உப்புத்தண்ணி. உங்க மருந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாம, என் தம்பிக்குத்தான் ஏறுச்சு. கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு, அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.