விண்ணப்பதாரர்

இல்லக்கா, வரிசையில முந்தணும்னு நான் கேக்கல. டோக்கன் அறுபத்தி மூணா, சரி, உங்க பக்கத்துலயே இப்படி உக்காந்துக்கறேன். உள்ள இருக்கறது ஒரே ஒரு டாக்டர், அவரும் மனுஷன்தானே. போர்டுல இப்பதான் இருபத்தெட்டு எரியுது.

பாப்பாவுக்கு ஏழு மாசம். முந்தாநேத்து வரைக்கும் வெறும் சளிதான். இன்னிக்குக் காலைல இருந்து பாலைப் பாதியில விட்டுடறா, மூச்சு வாங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கா? போன் பண்ணிட்டேன்க்கா. குழந்தை டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாராம். மத்த நாள்ல குழந்தைங்களுக்கு எதுவும் வரக் கூடாது போல.

வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு. நானும் போனவதான், இவ பொறக்கற வரைக்கும். டாக்டர்கள் சங்கத்துல. ஐயோ, டாக்டர் இல்லக்கா, லெட்டர் எழுதறவ. கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, பிழையில்லாம எழுதும்னு எடுத்துக்கிட்டாங்க. மந்திரிக்குப் போற மனு, பேப்பருக்குப் போற அறிக்கை எல்லாம் என் கைதான். வருஷத்துக்கு நாப்பது பேருக்கு மேல லைசென்ஸ் குடுக்காதீங்க, புதுசா காலேஜ் திறக்காதீங்க, வெளிநாட்டுல படிச்சுட்டு வர்றவங்களுக்கு இன்னொரு பரீட்சை வைங்க. ஏன்னா, தரம். பக்கத்துக்கு அஞ்சு தடவையாவது தரம்னு வரணும்பாரு தலைவர். கெட்டவர்னு சொல்ல மாட்டேன், என் கல்யாணத்துக்கு முதல் ஆளா வந்து நின்னாரு. டாக்டருங்க கூட்டம் சேந்துட்டா யாருக்கும் கை பழகாதும்மான்னு சொல்வாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. தலையாட்டிட்டு டைப் அடிச்சேன்.

அங்க ஒரு வழக்கம். வெளிநாட்டுல படிச்சவங்கள டாக்டர்னு எழுதவே கூடாது. விண்ணப்பதாரர், அவ்வளவுதான். சேந்த புதுசுல, ஒருத்தருக்கு லைசென்ஸ் குடுக்க வேண்டாம்னு சங்கம் அனுப்பற லெட்டர்ல மறந்துபோய் டாக்டர்னு அடிச்சுட்டேன். சிவப்பு மையில சுழிச்சு என் மேஜைக்கே திரும்பி வந்துச்சு. மாத்திக் குடுத்தேன்.

எப்படி, தோள்ல நிமிர்த்திப் பிடிக்கணுமா? இப்படியா? ஆமா, கொஞ்சம் தேவலை. ஆனா பாருங்க, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது.

நீங்களும் பாத்தீங்க. டோக்கன் கிழிச்சப்பவே கவனிச்சேன்க்கா. ஒரு கண்ணு சுவத்துக் கடிகாரத்துல, ஒரு கண்ணு இவ நெஞ்சுல. உதடு மட்டும் அசைஞ்சுது. இவ மூச்ச எண்ணி முடிச்சதும் முகமே மாறிப்போச்சு. அப்புறம் ரெண்டு கையையும் மேஜைக்குக் கீழ வெச்சுக்கிட்டீங்க.

தெரியும். லைசென்ஸ் இல்லாம ஒரு நோயாளியத் தொட்டாலே கேஸு, இந்த வேலையும் போயிடும். அந்த வரியையும் நான்தான் அடிச்சேன்.

சட்டையில குத்தியிருக்கீங்களே பேட்ஜ், அந்தப் பேரு என் விரலுக்கு நல்லாத் தெரியும். நீளமான பேரு, நடுவுல ஒரே எழுத்து ரெண்டு தடவை வரும். மூணு தரம் தப்பா அடிச்சு நாலாவது தரம்தான் சரியா வந்துச்சு. சிவப்புச் சுழி விழுந்துதுன்னேனே, அது உங்க லெட்டர்தான்.

திட்டறதெல்லாம் அப்புறமாத் திட்டுங்க. எத்தனை எண்ணினீங்க, டாக்டர்?