இடுப்புக் கயிறு

தடித்த கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் சேர்த்துக் கட்டுவது பெரிய வித்தை இல்லை ஐயா. ஒரு டீ ஆறுவதற்குள் யாருக்கும் காட்டிவிடலாம். தடித்ததை மடித்து ஒரு கண் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லியதை அந்தக் கண்ணுக்குள் விட்டு, மடிப்பின் முதுகைச் சுற்றி, தன் அடியிலேயே செருகி இழுக்க வேண்டும். மடங்குவது தடித்தது, சுற்றுவது மெல்லியது. மாற்றிக் கட்டினாலும் கயிறு இறுக்கமாக இழுபட்டிருக்கும்வரை பிடித்துக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் தொய்ந்து ஆட ஆரம்பித்தால், தடித்த கயிறு விறைத்து நிமிர்ந்து தன்னைத்தானே உருவிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு முடிச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படகுப் பட்டறையில் எனக்கு முப்பத்தோரு வருஷம். அங்கே என் பெயரே 'முடிச்சு'தான். வாக்குமூலத்தை நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், மெதுவாக நானே எழுதுகிறேன். இது என் மகள் கற்றுக்கொடுத்த எழுத்து. ஐம்பது வயதில் என்னை அடுப்படியில் உட்காரவைத்து, ஒரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டே பாடம் நடத்தினாள். "இது ழ-வாப்பா? தூண்டில் முள்ளு மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். அவள் அம்மா போன பிறகு, வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது அவள் சத்தம்தான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் என் வீட்டிலேயேதான் இருந்தார்கள். பிறகு மாப்பிள்ளை ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். அதிலேயே அக்கரைக்குப் போய் அங்கேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை நல்லவர். "மாமா, நீங்களும் கிளம்புங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டார். இன்னொருவர் வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை.

அன்றிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தட்டில் கை வைத்தால் எழுந்துபோய் வாசலைப் பார்ப்பேன். பட்டறையில் ஒரே முடிச்சை நாள் முழுக்கக் கட்டுவேன், அவிழ்ப்பேன். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள்ளேயே நாலு தடவை எழுந்துவிட்டேன். "நாற்காலியில முள்ளா இருக்கு பெரியவரே?" என்கிறார் உங்கள் காவலர்.

படகோடு இரண்டு இடுப்புப் பட்டைகள் வந்திருந்தன. அலை பெரிதாக இருக்கும்போது மாட்டிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பாய்மரத்தின் அடியில் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கயிறு மெல்லியது, முன்பக்கம்வரை எட்டாது. புதிதாக நீளக் கயிறு வாங்கலாம் என்றார் மாப்பிள்ளை. எதற்கு, பட்டறையில் தடித்த கயிறு கிடக்கிறது, சேர்த்துத் தருகிறேன் என்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் மகள் குனிந்து முடிச்சைத் தொடப் போனாள்.

"அப்பா, சரியா பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்மா."

மாப்பிள்ளை அவள் கையைத் தட்டிவிட்டார். "ஏய், மாமா கட்டினதையே நீ இழுத்துப் பாப்பியா? வேற வினையே வேண்டாம், மூணு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார்."

மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் பாய் சிக்கிக்கொண்டதாம். அதை எடுத்துவிட மாப்பிள்ளை முன்பக்கம் போயிருக்கிறார். அலை ஒன்று அவரை அடித்துக்கொண்டு போனது. மகள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையோடு லேசாக வந்துவிட்டது. படகைத் திருப்பித் திருப்பி ஒரு பகல் முழுக்கத் தேடியிருக்கிறாள். பிறகு தனியாகவே கரைக்கு ஓட்டி வந்தாள்.

வந்தவள் அழவில்லை. படகில் மிஞ்சிய தடித்த கயிற்றின் முனையை என் மடியில் போட்டாள். "அறுந்தா பிசிறு இருக்கும்ப்பா. இது முழுசா இருக்கு" என்றாள். சுற்றின தழும்புகூட அதில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தாள்.

வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, கை தவறிவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். என் கை தவறாது ஐயா. கண்ணைக் கட்டிவிட்டாலும் தவறாது. படகு பாதியில் திரும்பிவிடட்டும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதுவும் முழுக்க உண்மையில்லை. படகைத் திருப்புவதென்றால் பாய்க்கயிற்றில் கை வைத்திருப்பேன். அதை நான் தொடவில்லை. அது சரியாக இருந்தால்தானே அவள் கரைக்கு வர முடியும்.

மாப்பிள்ளையின் கயிற்றில் மட்டும்தான் மெல்லியதை மடித்துத் தடித்ததைச் சுற்றினேன். மகளுடையதில் தடித்ததை மடித்து, ஒன்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி, காலை முட்டுக்கொடுத்து இழுத்தும் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கிற அப்பனில்லை நான்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று காவலர் சொன்னார். என்னைப் பார்க்க வரவில்லை, சொல்லியனுப்பியும் வரவில்லை. கோபம் இருக்கும்தான், நாலு நாளில் சரியாகிவிடும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன். சீக்கிரம் அனுப்பிவையுங்கள் ஐயா. பிள்ளை தனியாக இருக்கும், எனக்காகக் காத்துக்கொண்டு.